ஒரு மணி நேரத்தை எடுத்து ஒரு கேம்: சொந்த வாழ்க்கையை வீடியோ கேமாக்கத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டுத் திண்ணையில் பாதியைக் கண்ணாடி வைத்து அடைத்து அம்மா எஸ்.டி.டி. பூத் நடத்தினார். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளுக்கு எங்கள் எண்தான் பி.பி. நம்பர், அதாவது அவர்களோடு பேச எங்களுக்குத்தான் அடிக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சாகியிருக்கும். துபாயிலிருந்து கால் வரும். “தையக்கார வீட்டுல கொஞ்சம் கூப்பிட்டு வையுங்க, பத்து நிமிஷத்துல திரும்ப அடிக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவருவது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது.

அந்த ஓட்டத்தைத்தான் இப்போது வீடியோ கேமாகச் செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை. முடித்தவர்கள் எழுதும் அனுபவக் குறிப்புகளில் ஆரம்பத் தடுமாற்றங்கள் எல்லாம் வழுவழுவென்று தேய்ந்துபோயிருக்கும். எனக்கு அவை இன்னும் உறுத்துவதால் இப்போதே எழுதிவைக்கிறேன். காகிதத்தில் தொடங்கி, விளையாடத் தகுந்த முதல் காட்சி கைக்கு வரும்வரை உள்ள கட்டம் மட்டுமே இங்கே. கோடிங் தெரியாவிட்டாலும் பாதிக்கு மேல் செய்துவிடலாம்.

முதல் படி: வாழ்க்கையை விட்டுவிட்டு ஒரு மணி நேரத்தை எடுங்கள்

நான் முதலில் போட்ட திட்டத்தில் 14 அத்தியாயங்கள் இருந்தன. பிறந்தது, பள்ளிக்கூடம், பூத், அப்பாவின் கடன், கல்லூரி, சென்னை மேன்ஷன். மூன்று வாரம் எழுதினேன். அதில் ஒரு இடத்தில்கூட விளையாடுவதற்கு எதுவும் இல்லை. படிக்கலாம், அவ்வளவுதான்.

இந்த வகையில் வேலை செய்த கேம்களைப் பாருங்கள். மேட்டி பிரைஸ் 2012-இல் ஆர்.பி.ஜி. மேக்கர் என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்த ‘மைனிச்சி’ ஒரே ஒரு நாள்: ஒரு திருநங்கை வீட்டில் தயாராகி, தெருவில் நடந்து, காப்பிக் கடையில் தோழியைச் சந்திக்கப் போகிறார். நீனா ஃப்ரீமனின் ‘சிபெல்’ (2015) ஆன்லைன் விளையாட்டில் பழகிய ஒருவருடன் அவருக்கு ஏற்பட்ட ஒரு உறவு. ‘டெஸ்பெலோட்டே’ (2025) ஈக்வடார் அணி 2002 கால்பந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெறப் போராடிய காலத்து கீட்டோ நகரம், அதில் பந்தை உதைத்துக்கொண்டு திரியும் ஒரு சிறுவன். யாரும் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை.

எந்த மணி நேரத்தை எடுப்பது? ஐந்து சம்பவங்களைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே வாக்கியம்: “அப்போது என் கை ______ கொண்டிருந்தது.” இட்டிலி மாவு ஆட்டிக்கொண்டிருந்தது, பாட்டிக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தது, ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தது என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். வாக்கியத்தில் ‘நினைத்து’, ‘உணர்ந்து’, ‘கலங்கி’ என்று வந்தால் அந்தச் சம்பவத்தை அடித்துவிடுங்கள். சிறுகதைக்கு ஆகும், கேமுக்கு ஆகாது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். இந்த வகைக் கேமுக்கு முதலில் ஒரு வினைச்சொல் அகப்பட வேண்டும். கதை அதன் பின்னால் தானாக வரும்.

எனக்கு அகப்பட்டது: ஓடு.

இரண்டாம் படி: நினைவை நம்பாதீர்கள், சாட்சி தேடுங்கள்

நான் எடுத்துக்கொண்ட மணி நேரம் இது. தையல்கார அக்காவுக்குத் துபாயிலிருந்து அவர் வீட்டுக்காரர் கால். ஓடினேன். வழியில் ஒரு வீட்டில் கலர் டிவி. வாசலைத் தாண்டித் தெருவரை கூட்டம். கிரிக்கெட்டில் நம் அஜய் ஜடேஜா பாகிஸ்தானின் வக்கார் யூனிஸை வெளுத்துக்கொண்டிருந்தார். நின்றுவிட்டேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது மணி அடித்து ஓய்ந்திருந்தது. அக்கா ராத்திரி ஒன்பது மணிவரை பூத் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

என் நினைவில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலகக் கோப்பை அரையிறுதி, இருட்டிவிட்ட நேரம். பொது நிகழ்ச்சி ஒன்று உள்ளே இருந்தால் சரிபார்ப்பது சுலபம். அது 1996 மார்ச் 9, பெங்களூரில் நடந்த கால் இறுதி. சனிக்கிழமை. பகலிரவு ஆட்டம், இந்தியா முதலில் ஆடியதால் ஜடேஜாவின் அடி விழுந்தது சாயங்காலம். இருட்டில் ஓடியதாக 28 வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்; உண்மையில் மாலை வெயில் முகத்தில் அடித்திருக்க வேண்டும். கேமின் வண்ணமே மாறிப்போனது.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். அதில் நான் குறித்துவைத்தவை:

— தரைப்படம். பூத்திலிருந்து அக்கா வீடுவரை எத்தனை வாசல், எங்கே திருப்பம், எந்த வீட்டில் நாய். அளவு சரியாக இருக்க வேண்டாம். அடுத்தடுத்து என்ன வருகிறது என்பது சரியாக இருக்க வேண்டும்.

— சத்தங்கள். மீட்டர் துடிப்பு, பில் அடிக்கும் சின்ன பிரிண்டரின் கிறீச்சல், கண்ணாடிக் கதவு உராய்வது. படங்களைவிட இந்தப் பட்டியல்தான் எனக்குப் பின்னால் அதிகம் உதவியது.

— எண்கள். பத்து நிமிஷம், ஏழு வீடு, சிவப்பு எழுத்தில் ஓடும் ரூபாய். கேம் என்பது எண்களால் ஓடுவது. வாழ்க்கையிலேயே எண் இருந்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

— தெரியாதவை. எனக்கு அன்று என்னவெல்லாம் தெரியாது? அக்கா வீட்டுக்காரர் எதற்காகக் கூப்பிட்டார் என்பது இன்றுவரை தெரியாது.

பிறகு, கூட இருந்தவர்களைக் கேளுங்கள். இதை நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். அதுதான் என் பெரிய தப்பு. கேமின் முடிவுக் காட்சியைச் செய்து முடித்து, அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். வாசல்படியில் அக்கா தனியாக உட்கார்ந்திருக்க, விளக்கு அணையும். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அவருதான் பதினோரு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டாரே. அப்பா போய்க் கதவத் தட்டிக் கூட்டியாந்தாரு. நீ தூங்கிட்ட” என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரி எரிச்சலும் வந்தது. இத்தனை வருஷம் சுமந்த குற்ற உணர்வுக்கு அம்மா கணக்கில் மதிப்பே இல்லை. அந்த முடிவைத் தூக்கிப் போட்டேன். இப்போது சிறுவன் பாயில் படுத்திருக்கிறான், திரை இருட்டு, எங்கோ கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. அவனால் அசைய முடியாது. விளையாடுபவருக்குப் புரியும், அவனுக்குப் புரியாது. அம்மாவைக் கேட்டிருக்காவிட்டால் இது கிடைத்திருக்காது. முன்னமே கேட்டிருந்தால் மூன்று வார வேலை மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் படி: வினையை விதியாக்குங்கள்

இதுதான் உண்மையான வடிவமைப்பு வேலை. ‘ஓடு’ என்பது வெறும் அசைவு. அதில் எது கஷ்டம், எது ஆசை, எது தப்பு என்று சொல்வது விதி. மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்துவிட்டு வருவோம்.

திருநங்கையான ஆனா ஆன்த்ரோபியின் ‘டிஸ்ஃபோரியா’ (2012) அவரது ஹார்மோன் சிகிச்சைக் காலத்தைப் பற்றியது. தொடக்கத்தில் உங்கள் கையில் ஒரு கோணல்மாணலான கட்டை. எதிரே சுவரில் ஒரு ஓட்டை. எப்படி நகர்த்தினாலும் கட்டை ஓட்டைக்குள் போகாது. “என் உடம்பு எனக்குப் பொருந்தவில்லை” என்று பக்கம் பக்கமாக எழுதுவதற்குப் பதில் பத்து நொடி. விசையை அழுத்திப் பார்த்துத் தோற்ற பிறகு அந்த வாக்கியத்தை நீங்களே சொல்லிக்கொள்வீர்கள்.

‘பாப்போ அண்ட் யோ’ (2012) செய்த வாண்டர் கபயேரோவின் அப்பா குடிகாரர். கேமில் அப்பா கிடையாது. ஒரு பெரிய பூதம் இருக்கிறது. சும்மா இருக்கும்போது அது சிறுவனுக்கு உதவும். அதன் தொப்பை மேல் குதித்து ஏறி உயரமான இடங்களுக்குப் போகலாம். தவளையைக் கண்டால் தின்னும். தின்றால் நெருப்பாகிச் சிறுவனையே தாக்கும். குடிகாரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த விதியை விளக்க வேண்டியதில்லை. பூதம் எப்போதும் கெட்டது என்று வைத்திருந்தால் அது சாதாரண வில்லன். அது வேண்டியதாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது என்பதில்தான் அப்பா இருக்கிறார்.

‘தட் டிராகன், கேன்சர்’ (2016) கேமை ரயன் கிரீன், ஏமி கிரீன் தம்பதியினர் நண்பர்களுடன் சேர்ந்து செய்தார்கள். ஒரு வயதில் மூளைப் புற்றுநோய் கண்டறியப்பட்ட அவர்களுடைய மகன் ஜோயல், கேம் உருவாகிக்கொண்டிருந்தபோதே 2014-இல் இறந்துபோனான். ஆஸ்பத்திரி அறையில் ஒரு இரவு வருகிறது. குழந்தை அழுகிறது. தூக்கலாம், தாலாட்டலாம், குடிக்கக் கொடுக்கலாம். எதுவும் அழுகையை நிறுத்தாது. கேம் ஆடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: விசை இருந்தால் தீர்வும் இருக்கும் என்று நம்புவோம். அந்த நம்பிக்கையைத்தான் அந்தக் காட்சி உடைக்கிறது.

நம் பக்கத்திலிருந்து ஒன்று: டொராண்டோவில் விசை கேம்ஸ் செய்த ‘வெண்பா’ (2023). கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை; சுயசரிதை என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் விதியைப் படிக்க வேண்டும். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. விட்டுப்போன வரிகளை நீங்கள் ஊகித்துச் சமைக்க வேண்டும். ஊரை விட்டு வந்தவர்களின் நிலையே அதுதானே. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுகக் கேம் விருது அதற்குக் கிடைத்தது.

உங்கள் வினைக்கு இப்படி ஒரு விதி கண்டுபிடிக்க, நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: அன்று என்னை எது இழுத்தது, எது தடுத்தது? இரண்டும் ஒரே விசையில் மோத வேண்டும். என் கேமில் முன்னால் போகும் விசை ஒன்றுதான். அதை விட்டால் சிறுவன் நிற்பான். நின்றால் கூட்டத்தின் இடுக்கில் புகுந்து டிவி பார்க்கலாம். ஓடுவதற்கும் நிற்பதற்கும் நடுவில் இருக்கிறது கேம். வேறு விதி எதுவும் இல்லை. ஆரம்பத்தில் நாய் துரத்துவது, காசு பொறுக்குவது எல்லாம் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். நாய்க்கு மட்டும் இன்னும் மனசு கேட்கவில்லை, ஓரமாகப் படுத்திருக்கிறது.

நான்காம் படி: நடந்து முடிந்ததில் எதைத் தேர்வுக்கு விடுவது

எல்லோரும் இடறும் இடம். கேம் என்றால் விளையாடுபவர் தீர்மானிக்க வேண்டும். ஆனால் நடந்தது நடந்துவிட்டது. டிவி வாசலில் நிற்காமல் ஓடினால் என்ன? அக்கா சரியான நேரத்துக்கு வந்து பேசிவிடுவார்; அப்போது அது என் கதை இல்லையே?

இதற்கு மூன்று வழி பார்த்திருக்கிறேன். ஒன்று, பாதை நேர்கோடு. விளையாடுபவர் ‘எப்படி’ என்பதை மட்டும் தீர்மானிப்பார். ‘சிபெல்’ அப்படித்தான், நீனாவின் கணினியில் அவருடைய பழைய படங்களையும் எழுத்துகளையும் நீங்கள் குடையலாம், நடந்ததை மாற்ற முடியாது. இரண்டு, தேர்வு உண்டு, பலன் ஒன்றே. நிக்கி கேஸின் ‘கமிங் அவுட் சிமுலேட்டர் 2014’-இல் பெற்றோரிடம் எந்தப் பொய்யைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கலாம். எதைச் சொன்னாலும் அந்த இரவு சுமுகமாக முடியாது. மூன்று, நிஜமாகவே பாதை பிரியும். மூன்றாவதை இந்த வகையில் நான் விரும்புவதில்லை. “அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்” என்று முடிவில் ஒரு பாடம் வந்து உட்கார்ந்துவிடும்.

நான் இரண்டாவதைக் கொஞ்சம் திருப்பினேன். நிற்காமல் ஓடினால் அக்கா வீடு பூட்டியிருக்கும், குளத்துக்குப் போயிருப்பார், தேட வேண்டும். எப்படியும் தாமதம். நின்றவருக்குத் தன் தப்பு என்று தோன்றும், நிற்காதவருக்குத் தலைவிதி என்று தோன்றும். இரண்டு பேரும் பாயில் படுத்துக் கதவு தட்டும் சத்தத்தைக் கேட்பார்கள். பூட்டிய வீடு நான் கட்டியது, அன்று நடக்கவில்லை. அதனால் கேமின் முதல் திரையிலேயே “இதில் சில வீடுகள் பொய்” என்று போட்டிருக்கிறேன்.

ஐந்தாம் படி: கதையில் இருப்பவர்களிடம் பேசுங்கள்

உங்கள் வாழ்க்கை உங்களுடையதுதான். அதில் வரும் அக்காவின் வாழ்க்கை அவருடையது. கேமைப் பொறுத்தவரை இன்னொன்றும் சேர்கிறது: முன்பின் தெரியாத ஒருவர் அந்த அக்காவை விசை அழுத்தி அலையவிடப் போகிறார்.

தையல்கார அக்கா இப்போது மகனோடு தஞ்சாவூரில் இருக்கிறார். ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கேம் என்றதும், “சீட்டாட்டமாடா?” என்றார். விளக்கியபின் இரண்டு நிபந்தனை போட்டார். பேர் போடக் கூடாது. அழுகிற மாதிரி காட்டக் கூடாது: “நான் எங்கடா அழுதேன்? கொசுக்கடி தாங்காம உக்காந்திருந்தேன்.” பிறகு அவராகவே, “மிஷின் சத்தம் வையி. நீ வர்றப்பல்லாம் நான் மிஷின்லதான் இருப்பேன்” என்றார். பழைய மிதி மிஷின் இன்னும் வைத்திருந்தார். மகன் ஃபோனில் பதிவு செய்து அனுப்பினார். அந்தச் சத்தம்தான் இப்போது அக்கா வீட்டை அடையாளம் காட்டுகிறது. சத்தம் இல்லை என்றால் வீட்டில் ஆள் இல்லை.

எப்போது பேசுவது என்றால், காகித வடிவம் முடிந்த கையோடு. அதற்கு முன் பேசினால் என்ன கேட்பதென்று உங்களுக்கே தெரியாது. எல்லாம் செய்துவிட்டுப் பேசினால் அவர்கள் மறுப்பதைக் கேட்க உங்களுக்கு மனம் வராது. மறுத்தால் பெயர், தொழில், உறவுமுறை, ஊர் இந்த நான்கையும் மாற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வேறு மணி நேரம் இல்லாமலா போகும். கேட்பதே ஆபத்து என்கிற உறவுகளும் உண்டு. உங்களை அடித்தவரிடம் போய் நீங்கள் அனுமதி கேட்க வேண்டாம். கபயேரோ போல அவரைப் பூதமாக்கிவிடலாம்.

இன்னொரு உரிமைச் சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நினைவில் நிச்சயம் ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். எனக்கும் டீக்கடை ரேடியோவில் ஒன்று ஓடுகிறது. உரிமை வாங்காமல் அதைப் போட முடியாது. முணுமுணுத்துப் பதிவு செய்தாலும் மெட்டு அவர்களுடையது. கிரிக்கெட் வர்ணனையும் அப்படியே. நான் கூட்டத்தின் இரைச்சலை மட்டும் வைத்தேன். டிவித் திரையையே காட்டவில்லை. பத்து வயதுப் பையனுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நிற்கிறவர்களின் முதுகுதானே.

ஆறாம் படி: புளியங்கொட்டையில் விளையாடிப் பாருங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன். ஒரு சார்ட் பேப்பரில் தெரு. ஏழு வீடுகளுக்கு ஏழு கட்டம். சிறுவன் ஒரு புளியங்கொட்டை. நான் எதிரில் உட்கார்ந்து தெருவாக நடித்தேன். என் அக்கா மகள், பக்கத்து பிளாட் பையன், அலுவலக நண்பர் ஒருவர் என்று ஐந்து பேர் விளையாடினார்கள். மேசையில் மொபைலில் டைமர் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து பேரில் ஒருவர்கூட டிவி வாசலில் நிற்கவில்லை.

எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. என் வாழ்க்கையின் முக்கியத் தப்பை யாருமே செய்யவில்லை! யோசித்ததில் காரணம் டைமர். கண் முன்னால் நேரம் குறைந்துகொண்டே போனால் யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள், சிக்கனமாக விளையாடுவார்கள். பத்து வயதில் என் கையில் கடிகாரம் ஏது? டைமரை மறைத்தேன். கூடவே டிவி வாசலில் செய்ய ஒரு வேலையும் கொடுத்தேன்: ஆள் இடுக்கில் தலையை நீட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு பந்துக்கும் இடுக்கு கொஞ்சம் நகரும். அடுத்த முறை மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருவருக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது.

இதைக் கணினியில் செய்த பிறகு கண்டுபிடித்திருந்தால் ஒரு மாதம் போயிருக்கும். சார்ட் பேப்பரில் ஒரு சாயங்காலம்.

ஏழாம் படி: கருவி, அதைவிட முக்கியமாகத் தமிழ் எழுத்து

எந்தக் கருவி என்று வாரக்கணக்கில் யூடியூப் பார்க்காதீர்கள். உங்கள் வினை பேசுவதும் தேர்ந்தெடுப்பதும் என்றால் ட்வைன். 2009-இல் கிறிஸ் கிளைமஸ் வெளியிட்டது, இலவசம், கோடிங் இல்லாமலே தொடங்கலாம். படமும் வசனமுமாகப் போவதென்றால் ரென்பை. ஒரு சின்ன இடத்தில் நடந்து பொருள்களைத் தொடுவது மட்டும் போதுமென்றால் பிட்ஸி. எட்டுக்கு எட்டுப் புள்ளிகளில் ஆள், அறைக்கு மூன்றே வண்ணம், அந்த நெருக்கடியே முடிக்க உதவும். அசைவும் சத்தமும் நுட்பமாக வேண்டுமென்றால் கோடோ. இலவசம், திறந்த மூலம். எனக்கு ஓட்டம் வேண்டும் என்பதால் கோடோ.

முதல் நாளே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. எந்தக் கருவியை எடுத்தாலும் “தொலைபேசி” என்று தமிழில் எழுதித் திரையில் ஓட்டிப் பாருங்கள். நமக்கு அது நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் எட்டுக் குறிகள்: த, ஒகரக் குறி, ல, ஐகாரக் குறி, ப, ஏகாரக் குறி, ச, இகரக் குறி. கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பதெல்லாம் எழுத்தை வரைந்து அடுக்கும் பகுதி பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. அது தெரியாத கருவியில் கொம்பு பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு தொங்கும். யூனிட்டி என்ற கேம் கருவியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் அப்படியே போட்டால் இதுதான் நடக்கும். ட்வைன் பிரவுசரில் ஓடுவதால் பிரச்சினை இல்லை. கோடோவின் நான்காம் பதிப்பிலிருந்து தமிழ் சரியாக வருகிறது. பிட்ஸியில் தமிழ் வசனம் வேண்டுமென்றால் சொற்களையே படமாக வரைய வேண்டியிருக்கும். இரண்டு மூன்று சொல்லுக்குப் பரவாயில்லை.

எழுத்து சரியாக வந்த பிறகும் ஒரு குழி உண்டு. வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு செய்வதுபோல் வருமே, அதைப் பெரும்பாலும் குறி குறியாக எண்ணிக் காட்டுவார்கள். “தொ” வருவதற்கு முன் ஒரு கணம் “த” வந்து மாறும். “சொல்லுங்க” என்பது “ச… சொ… சொல… சொல்…” என்று நடுங்கும். நான் அதை ஒரு வாரம் என் கண் கோளாறு என்று நினைத்தேன். கோடோவில் எழுத்தை வரைந்து அடுக்கி முடித்த பிறகு எண்ணும்படி ஒரு அமைப்பு இருக்கிறது; அதை மாற்றினால் நடுக்கம் நிற்கும். இல்லாவிட்டால் சொல் சொல்லாகக் காட்டுங்கள். பேச்சின் தாளத்துக்கு அதுவே பொருத்தம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். திறந்த உரிமம் என்பதால் கேமோடு சேர்த்து வெளியிடலாம்.

ட்வைனைப் பிரவுசரில் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் கதை அந்தப் பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கிறது. ஹிஸ்டரியை அழிக்கும்போது தளத் தரவையும் சேர்த்து அழித்தால் கதையும் போய்விடும். தினமும் ஒரு பிரதி இறக்கி, தேதி போட்டு வையுங்கள்.

எட்டாம் படி: ஒரே காட்சி, படம் இல்லாமல்

முதலில் செய்ய வேண்டியது தலைப்புத் திரையோ ஆரம்பக் காட்சியோ கிடையாது. எந்த இடத்தில் உங்கள் வினையும் தடையும் மோதுகின்றனவோ அந்தக் காட்சி. எனக்கு டிவி வாசல். வீடுகள் சாம்பல் நிறப் பெட்டிகள், சிறுவன் ஒரு சிவப்புக் கட்டை. படத்தில் நேரம் செலவழிக்காமல் சத்தத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே ஐந்து வினாடி கூட்டத்தின் ஆரவாரம் கேட்டால் மனசு தானே தெருவை வரைந்துகொள்கிறது. இரண்டு வாரம் கெடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஐந்து வாரம் ஆனது, அது வேறு விஷயம்.

விளையாடக் கொடுக்கும்போது உங்களை அறியாதவரிடம் முதலில் கொடுங்கள். “இது என் வாழ்க்கையில நடந்தது” என்று சொல்லிவிட்டால் அவர் மரியாதையாக விளையாடுவார். அந்த மரியாதையால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பேசாமல் பின்னால் நின்று எங்கே நின்றார், எங்கே திரும்பிப் போனார், எங்கே மொபைலை எடுத்தார் என்று எழுதுங்கள். முடிந்ததும் “பிடிச்சுதா?” என்று கேட்காதீர்கள். “என்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் சொல்லும் கதையில் உங்கள் வினை இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் என்னிடம், “பையன் மேட்ச் பாத்தான், திட்டு வாங்கினான்” என்றார். தொலைபேசியைப் பற்றிப் பேச்சே இல்லை. சரி, அந்த மணி அவர் காதில் விழவே இல்லை என்று புரிந்தது.

நீங்கள் விளையாடும்போது அழுதீர்கள் என்பது சாட்சியம் ஆகாது. உங்களுக்கு அந்தச் சாம்பல் பெட்டி போதும், மற்றவர்களுக்குப் போதாது. இன்னொன்று, துக்கமான நினைவு என்றால் வேலை நேரத்துக்கு ஒரு எல்லை வேண்டும். கேமில் பிழை திருத்துவது என்றால் ஒரே காட்சியை நாற்பது முறை ஓட்டுவது. நான் பாய்க் காட்சியைச் செய்த நாட்களில் ராத்திரி பத்துக்கு மேல் அதைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பிழை திருத்தும்போது கதவு தட்டும் சத்தத்துக்குப் பதில் தவளைச் சத்தம் போட்டுவிடுவேன். மனைவி, “உள்ள என்ன மழையா?” என்பாள்.

இப்போது என்னிடம் ஏழு நிமிடம் ஓடக்கூடிய ஒரு தெரு இருக்கிறது. அடுத்த வேலை, தொலைபேசி மணி எவ்வளவு தூரம் கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது. நிஜத்தில் டிவி வாசலுக்குக் கேட்டிருக்காது. இப்போதைக்கு மூன்றாவது வீட்டு வேப்பமரம்வரை கேட்கும்படி வைத்திருக்கிறேன்.